நிலவுக்குப் போய் யாரையும் சிரிக்க வைக்காமல் திரும்புவது எப்படி?

வாழ்த்துகள்! விண்வெளிக் காமெடிப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டீர்கள். கதை இன்னும் கிடைக்கவில்லை. ஹீரோவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அருமையான தொடக்கம். இனி நான் சொல்கிற வரிசையில் போங்கள். பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதான், பயப்படாதீர்கள்.

1. பணத்தைக் கொட்டுங்கள்.

'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் புளூட்டோ நாஷ்' படத்தை நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் பூஜை போடுங்கள். 2087-ல் நிலவில் இரவு விடுதி நடத்துகிறவராக எடி மர்ஃபி. செலவு சுமார் 10 கோடி டாலர். உலகம் முழுக்கத் துழாவியும் கிடைத்த வசூல் சுமார் 70 லட்சம். 2000-ல் எடுத்த படம் 2002-ல்தான் திரைக்கு வந்தது. நடுவில் ஏன் இத்தனை நாள் என்று கேட்காதீர்கள். காமெடி ஊற வேண்டும், மாவடு மாதிரி. உங்கள் படத்துக்கும் இரண்டு வருஷ ஊறலை ஷெட்யூலிலேயே சேர்த்துவிடுங்கள்.

2. ஏழைகளோடு சேராதீர்கள்.

ஜான் கார்பென்டர் என்று ஒருவர், கல்லூரி மாணவராக இருந்தபோது தொடங்கிய படம் 'டார்க் ஸ்டார்' (1974). மொத்தச் செலவு சுமார் 60,000 டாலர். வேற்றுக்கிரகப் பிராணிக்குக் காசில்லை. கடற்கரையில் குழந்தைகள் உருட்டும் காற்றுப் பந்தை எடுத்து, கீழே இரண்டு பாதத்தை ஒட்டிவிட்டார். அந்தப் பந்து ஒரு ஆளை லிஃப்ட் குழிவரை இழுத்துப்போய்ப் படுத்துகிற பாட்டில் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். இன்னொரு காட்சியில், வெடித்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் வெடிகுண்டோடு ஒருவர் தத்துவம் பேசி மன்றாடுகிறார். குண்டு யோசிக்கிறது! இதெல்லாம் வறுமையால் வந்த வினை. விலைவாசி ஏறியதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், புளூட்டோ நாஷ் காசில் 1,600 டார்க் ஸ்டார் எடுக்கலாம். 1,600 படம் எடுப்பது எவ்வளவு அலைச்சல்? ஒன்றே போதும்.

3. பயணத்துக்குக் காரணம் பெரிதாக இருக்கட்டும்.

இங்கேதான் நல்ல இயக்குநர்கள் சறுக்குகிறார்கள். 'எ கிராண்ட் டே அவுட்' (1989) பாருங்கள். வாலஸ் என்கிற களிமண் மனிதருக்கு வீட்டில் சீஸ் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகலாம் இல்லையா? நிலவே சீஸ்தான் என்று நம்பி, வீட்டு நிலவறையில் ராக்கெட் கட்டுகிறார். திரி பற்றி எரிந்துகொண்டிருக்கும்போது பிஸ்கட்டை மறந்தது ஞாபகம் வந்து வீட்டுக்குள் ஓடுகிறார். விண்வெளி உடை கிடையாது. கையில்லாத ஸ்வெட்டரோடு நிலவில் இறங்கி, விரிப்பு விரித்து உட்கார்கிறார். நிக் பார்க் இதை மாணவராக 1982-ல் தொடங்கியவர். முடிக்க 1989 ஆயிற்று. ஏழு வருஷம், சீஸுக்கு!

'தி மவுஸ் ஆன் தி மூன்' (1963) இன்னும் மோசம். கிராண்ட் ஃபென்விக் என்ற கைக்குட்டை அளவு நாட்டின் பிரதமருக்குக் குளிக்க வெந்நீர் வரவில்லை. குழாய் மாற்றப் பணம் வேண்டும். குழாய்க்கென்று கேட்டால் எவன் கொடுப்பான்? விண்வெளி ஆராய்ச்சி என்று சொல்லி அமெரிக்காவிடம் வாங்குகிறார். ரஷ்யாக்காரர்கள் சளைக்காமல் ஒரு ராக்கெட்டே அனுப்பிவிடுகிறார்கள். உள்ளூர் ஒயின் வெடித்துத் தொலைக்கிற ரகம், அதுவே எரிபொருளாகிறது. அதே 1963-ல் நம்மூர் 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு இறங்கியது எதற்கு? உலகைப் பிடிக்கவா? நல்ல பாட்டு வாத்தியார் தேடி! எம்.ஜி.ஆரும் பானுமதியும் இருந்த படத்தில்.

வெந்நீர், சீஸ், பாட்டு வாத்தியார். இப்படி அற்பக் காரணம் ஒன்று உள்ளே நுழைந்தால் ஜனங்களுக்குத் தங்கள் வீடு ஞாபகம் வந்துவிடும், சிரித்துவிடுவார்கள். ஆகவே உங்கள் ஹீரோ மனித குலத்தைக் காப்பாற்றவே போகட்டும். இடைவேளைக்கு முன் அதை மூன்று முறை சொல்லட்டும். கண்ணீரோடு.

4. விஞ்ஞானத்தை விளக்குங்கள்.

1902-ல் பிரான்ஸில் ஜார்ஜ் மெலியஸ் எடுத்த நிலவுப் படத்தில் விளக்கமே இல்லை. கூம்புத் தொப்பி மந்திரவாதிகள் மாதிரி வான நூல் பண்டிதர்கள் கூடுகிறார்கள், ஆறு பேர் குண்டுக்குள் ஏறுகிறார்கள், பீரங்கியால் சுடுகிறார்கள், நிலவின் கண்ணில் போய்க் குத்துகிறது. நிலவுவாசிகளைக் குடையால் ஒரு தட்டு, புகையாகிப் போகிறார்கள். திரும்புவது எப்படி? நிலவின் விளிம்பிலிருந்து கலத்தைக் கீழே தள்ளிவிட்டால் கடலில் விழுகிறது. படம் கால்மணி நேரம்கூட இல்லை.

நீங்கள் அந்தக் கால்மணி நேரத்தைப் பேராசிரியர் ஒருவருக்குக் கொடுங்கள். கரும்பலகை முக்கியம். நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு என்று எழுதி அடிக்கோடு போடட்டும். பிறகு எல்லோரையும் கயிற்றில் கட்டி ஸ்லோமோஷனில் நடக்கவிடுங்கள். வசனமும் ஆறில் ஒரு பங்கு வேகத்தில் வரட்டும். ஜோக்கின் முதல் பாதிக்குப் பிறகு ரசிகர் டீ குடித்துவிட்டு வந்து மறுபாதியைக் கேட்டுக்கொள்ளலாம்.

5. சொன்ன இடத்துக்குப் போய்ச் சேருங்கள்.

'அபட் அண்ட் காஸ்டெல்லோ கோ டு மார்ஸ்' (1953) என்று தலைப்பு வைத்துவிட்டு, இருவரும் செவ்வாய்க்குப் போகவே இல்லை. நியூ ஆர்லியன்ஸில் இறங்குகிறார்கள். அங்கே திருவிழா, முகமூடிக் கூட்டத்தைப் பார்த்துச் செவ்வாய்வாசிகள் என்று நம்பிவிடுகிறார்கள். அப்புறம் போனதும் வெள்ளிக்கு. மோசடி! உங்கள் ராக்கெட் குறித்த நேரத்தில், குறித்த பள்ளத்தில் இறங்கட்டும்.

6. பொம்மையை மறக்காதீர்கள்.

மெல் புரூக்ஸ் 'ஸ்பேஸ்பால்ஸ்' (1987) படத்துக்குள்ளேயே அந்தப் படத்தின் பெயரில் டி-ஷர்ட், டிஃபன் டப்பா, குழந்தைகளுக்கென்று தீப்பீச்சும் துப்பாக்கி எல்லாம் விற்றுக் காட்டினார். வெறும் கிண்டல். நீங்கள் நிஜமாகவே செய்யுங்கள். படம் முடியுமுன் பத்தாயிரம் ராக்கெட் பொம்மைக்கு ஆர்டர் கொடுங்கள்.

இதற்கும் முன்னோடி மெலியஸ்தான். அவர் நிலவுப் படத்தின் பிரதிகளை அமெரிக்காவில் யார்யாரோ திருடி எடுத்து ஓட்டிக் காசு பார்த்தார்கள். அவர் நொடித்துப்போய், வயதான காலத்தில் பாரிஸின் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்றார். உங்கள் படத்தைத் திருட யாரும் வரமாட்டார்கள் என்பதால் நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. எழும்பூரா, சென்ட்ரலா என்று இப்போதே பார்த்து வையுங்கள். கடைக்கும் அட்வான்ஸ் கேட்பார்கள்.