வெறும் புல்லுதானே!

1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து பழனி மலைமேல் ஏறினார்கள். கொடைக்கானலில் இரண்டு பங்களா கட்டி, ஜன்னலைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் புல். பள்ளங்களில் மட்டும் குட்டைக் குட்டையாய்ச் சோலை. பின்னாலேயே வந்த வெள்ளைக்காரத் துரைமாருக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு வெறும் புல்லா? அந்தப் புல்லுக்கு அங்கே என்ன வேலை என்று வரையாட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். துரைமார் அதைச் சுடுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

ஆகவே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை வந்தது, யூகலிப்டஸ் வந்தது. 1947-இல் துரை கப்பலேறினார். அவருடைய அபிப்பிராயம் ஏறவில்லை. நம்மவர்களும் புல்வெளியைத் தரிசு என்றே நம்பி, இன்னும் உற்சாகமாக நட்டார்கள். பைனும் வரிசையில் சேர்ந்துகொண்டது. செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தபோது, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணோம். விவசாயத்துக்கும் இதில் பங்குண்டு, பெரும்பங்கு மரத்துக்கு.

சரி, கொடைக்கானல் பைன் எந்தப் பைன்? சுற்றுலா வந்தவரைக் கேட்டால் 'கிறிஸ்துமஸ் மரம்' என்பார். அவரை விட்டுவிட்டு ஒரு கிளையைப் பிடித்துப் பாருங்கள். ஊசி இலைகள் பெரும்பாலும் மூன்று மூன்றாக ஒரே உறைக்குள் இருக்கும். எண்ணெய் வைத்துச் சீவிய கூந்தல் மாதிரி தொங்கும். இமயமலைச் சீர் பைனுக்கும் மூன்றுதான், ஆனால் அதன் காய் தடிமனானது. இதன் காய்களோ சிறுத்து, வளைந்து, காம்பே இல்லாமல் கிளையோடு கொத்தாக ஒட்டியிருக்கும். வருஷக்கணக்கில் விழாது. மேல்தண்டில் பட்டை செம்மஞ்சளாகத் தாள் தாளாய் உரியும். ஐயாவின் பெயர் பைனஸ் பட்டுலா, சொந்த ஊர் மெக்சிகோ. விதைக்கு இறக்கை வேறு உண்டு. நட்ட இடத்தில் நிற்கவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

உதிர்ந்த ஊசிகள் மெத்தையாகக் கிடப்பதால் அடியில் புல் தலைகாட்டாது. இதைப் பார்த்து முதலில் மகிழ்ந்தது சினிமாக்காரர்கள்தான். காலில் ஒரு முள் தைக்காமல் டூயட் ஓட இதைவிடத் தோதான தரை ஏது? நாயகி மரத்துக்கு மரம் ஒளிந்து விளையாடினாள். குறிஞ்சி பூத்த புல்வெளி நிஜமாகவே ஒளிந்துபோனது.

இப்போது வெட்டுவதா வேண்டாமா என்று சண்டை. பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைக்கின்றன, மொத்தமாக வெட்டினால் அவையும் போகும் என்கிறது ஒரு கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சோலைக்குத்தான் வக்கீல் கிடைக்கிறார், புல்லுக்கு இல்லை. தோப்பில் வெட்டுக்கத்தியோடு யாராவது நுழைந்தால், 'இயற்கையை அழிக்கிறார்கள்' என்று முதல் குரல் செல்ஃபிக் குச்சி பிடித்தவரிடமிருந்து வரும்.

அயல் களைத் தாவரங்களை ஒழிக்க 2022-இல் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. செயல்படுத்த வேண்டியது வனத்துறை. பைன் காட்டைப் பார்க்கக் கட்டணம் வாங்குவதும் வனத்துறைதான்.