இலாகா இல்லாத நிதியமைச்சர்

எங்கள் வீட்டில் நான்தான் நிதியமைச்சர். இலாகாதான் என்னிடம் இல்லை. சம்பளம் வந்ததும் அது போனதும் எஸ்எம்எஸ் மூலம் என் கவனத்துக்குக் கொண்டுவரப்படும். ஆனாலும் ஆபீசில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற ஒரே தகுதியால், பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்த மகளுக்குப் பொருளியல் சொல்லித்தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "அப்படியே பணத்தை எப்படிப் புழங்கணும்னும் சொல்லிக் குடுங்க" என்றாள் மனைவி. சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. அதை நம்பித்தான் இறங்கினேன்.

முதல் பாடம், குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. ஒரு பொருளை அடுத்தடுத்து நுகர நுகர, கூடுதலாகக் கிடைக்கும் திருப்தி குறைந்துகொண்டே போகும் என்பது சாரம். செயல்முறை விளக்கத்துக்கு வாழைக்காய் பஜ்ஜி. மனைவி போட்டுக்கொண்டே இருந்தாள். நான் நிரூபித்துக்கொண்டே இருந்தேன். மாவு குறைந்தது, திருப்தி குறையவில்லை. மகள் பக்கத்தைப் புரட்டி, 'விதிவிலக்குகள்' என்ற பகுதிக்கு வந்தாள். குடிகாரர்கள், கஞ்சர்கள், அரிய பொருள் சேகரிப்பவர்கள்.

"இதுல நீங்க எதுலப்பா வருவீங்க?"

இருப்பதில் கௌரவமானது கஞ்சன்தான் என்று அதைச் சொல்ல வாயெடுத்தேன். "அந்தப் பேரு வாங்க இவர் இன்னும் ரொம்ப தூரம் போகணும்டீ" என்றபடி மனைவி அடுப்பை அணைத்தாள்.

அடுத்த பாடம் கடன். நிஜமான பில் ஒன்று வேண்டும் என்றாள் மகள். என் கிரெடிட் கார்டு பில்லையே எடுத்து நீட்டினேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. 'செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை' என்று அவர்கள் கேட்பதை, கெடு தேதிக்கு முன்பே கட்டிவிடுகிறவன் நான். அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள். பிறந்தநாள் வாழ்த்து தவறாமல் வரும்; கடன் வரம்பை உயர்த்தித் தரட்டுமா என்று கனிவாகக் கேட்பார்கள்.

அவள் பில்லின் இரண்டாம் பக்கத்துக்குப் போனாள். மனிதர்கள் அங்கெல்லாம் போவார்கள் என்பதே எனக்குப் புதிய செய்தி. பொடி எழுத்தில் மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று இருந்தது. ரஃப் நோட்டில் கணக்குப் போட ஆரம்பித்தாள். பாக்கி 40,000 ரூபாய். அதில் 5 சதவீதம், அதாவது 2,000, குறைந்தபட்சத் தொகை. ஒரு மாத வட்டி 1,400. வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 252. இரண்டும் சேர்ந்து 1,652. மிச்சம் 348.

"அப்பா, நீங்க 2,000 ரூபா கட்டி 348 ரூபா கடனை அடைக்கிறீங்க."

"தேதி தவறாமல்" என்று நினைவூட்டினேன்.

அவள் விடவில்லை. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் காப்பிப்பொடிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்று வாசித்துக் காட்டினாள். ஆசிரியர் என்ற கெத்தை மீட்க, 72 விதியைச் சொல்லிக்கொடுத்தேன். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் சுமாராகக் கிடைக்கும். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவின் பிபிஎஃப் கணக்குக்கு 7.1 சதவீதம்; இரட்டிப்பாக 10 வருஷம். அப்பாவின் கார்டு பாக்கிக்கு மாதம் 3.5; ஒன்றும் கட்டாமல் விட்டால் 20 மாதத்தில் இரட்டிப்பு. "இந்த வீட்டுலயே வேகமா வளர்றது அப்பாவோட கணக்குதாம்மா" என்று சமையலறைக்கு அறிவிப்புப் போயிற்று.

சரி, சேமிப்புக்கு வருவோம் என்று ஏலச் சீட்டை எடுத்தேன். 1982-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் பதிவான கம்பெனி. 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000, சீட்டுத் தொகை ஒரு லட்சம். முதல் ஏலத்திலேயே நான் 25,000 தள்ளி எடுத்தேன். கையில் வந்தது 75,000. தள்ளிய 25,000-இல் கம்பெனியின் கமிஷன் 5,000 போக, மீதி 20,000-ஐ ஆளுக்கு 1,000 என்று பிரித்து, அந்த மாதத் தவணையில் கழித்துக்கொண்டார்கள். "பார்த்தாயா, எல்லோருக்கும் லாபம்" என்று முடித்தேன்.

"எல்லாருக்கும் அந்தக் காசை யார் குடுத்தது?"

இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. அதே குரூப்பில் மனைவியும் ஒரு சீட்டுப் போட்டிருக்கிறாள் என்பதும், ஏலம் கேட்காமல் கடைசிவரை காத்திருந்து எடுப்பதுதான் அவள் வழக்கம் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அவசரக்காரர்கள் தள்ளுவதில் மாதாமாதம் அவளுக்கும் ஒரு பங்கு. அதாவது என் அவசரத்துக்கு என் மனைவியே வட்டி வாங்கியிருக்கிறாள். மகள் இதை இரண்டு மதிப்பெண் கேள்விக்கு உதாரணமாகக் குறித்துக்கொண்டாள்.

பிறகு அவளுக்கும் ஒரு வங்கிக் கணக்கு தொடங்கப் போனோம். 10 வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கை நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் விதிகளைத் திருத்தியிருக்கிறது. மைனர் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்கவே கூடாது என்ற நிபந்தனையைக் கேட்டதும் மனைவி கண்கள் மின்னக் கேட்டாள்: "என்னங்க, பெரியவங்களுக்கும் இந்தக் கணக்கு குடுப்பாங்களா?"

விளையாட்டு போகட்டும். எங்கள் காலத்தில் பள்ளியில் சஞ்சாயிகா இருந்தது. கொண்டுபோகும் சில்லறையை வாங்கிக்கொண்டு, சின்னப் புத்தகத்தில் வரவு வைத்துக் கொடுப்பார்கள். சேர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கடன் வாங்கத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எங்களுக்குக் கடன் தர ஆளே கிடையாது. இன்று பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தி இருக்கிறது, உலகமயமாதல் இருக்கிறது, வரிகள் இருக்கின்றன. நாட்டின் கணக்கு பிள்ளைக்கு அத்துப்படி. படித்து முடித்து முதல் சம்பளம் வாங்கியதும் 'உங்களுக்காகவே ஒரு கார்டு' என்று போன் செய்கிறவரின் கணக்குதான் தெரியாது. அந்த இரண்டாம் பக்கத்தையும் பாடமாக வைத்தால் என்ன?

தாவரவியலுக்கும் வேதியியலுக்கும் ஆய்வகம் உண்டு. பொருளியலுக்கு மட்டும் இல்லை என்பது பெருங்குறை. விலங்கியல் ஆய்வகத்தில் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டிருப்பதுபோல, பொருளியல் வகுப்பில் ஓரமாக என்னை நிறுத்தி வைக்கலாம். கார்டு பில், சீட்டுப் பாஸ்புத்தகம் சகிதமாக எந்தப் பள்ளிக்கும் வரத் தயார். சன்மானம் வேண்டாம், பஸ் செலவு தந்தால் போதும். அதையும் முன்பணமாகத் தந்தால் உசிதம். கார்டு பில் கட்டும் தேதி நெருங்குகிறது.