ஆண் புள்ளிமான்களின் பகைமை: வகையும் உரையும்

இணைசேரும் காலத்தில் ஆண் புள்ளிமான்கள் தம்முள் காட்டும் பகைமை நிற்றல், கதறல், தேய்த்தல், பக்கநடை, முட்டல் என ஐவகைப்படும். ஐந்து என்றது எற்றுக்கெனின், நான்கெனின் கட்டுரை சிறுக்கும். ஆறெனின் ஆறாவதைத் தேட வேண்டிவரும் என்க.

காலம்: குளிர்நாட்டுச் செம்மான்கள் இலையுதிர் பருவத்தில் ஒருசேரப் பொருதும். புள்ளிமானுக்கு அந்த ஒழுங்கு இல்லை. ஒரே மந்தையில் ஒன்றின் கொம்பு முற்றியிருக்கும், இன்னொன்றின் கொம்பு மென்தோல் போர்த்து வளர்ந்துகொண்டிருக்கும், மூன்றாவதன் தலை வெறுமையாக இருக்கும்.

சான்று: ஜார்ஜ் ஷாலர் மத்தியப் பிரதேசத்துக் கானாவில் இவற்றைக் கவனித்து 1967இல் நூல் வெளியிட்டார். அவருக்கும் முந்திய சான்று சாம்பல் மந்தி. அது உதிர்க்கும் தழைக்காக மான்கள் மரத்தடியில் கூடுவதால், அனைத்தையும் மேலிருந்து பார்க்கிறது. நூல் எழுதாமையால் அதை மேற்கோள் மட்டும் காட்டுவது மரபு.

நிற்றல்: நின்று முறைத்தல்.

கதறல்: கொம்பு முற்றிய ஆண் அடித்தொண்டையில் திரும்பத் திரும்பக் கத்துவது. “இரைச்சல்” என்பது மந்தியுரை (மேற்கிளை).

தேய்த்தல்: பின்னங்கால்களில் எழுந்து நின்று, கண்ணருகே உள்ள சுரப்பியைத் தாழ்ந்த கிளையில் தேய்த்து வாடை பூசுவது. “கிளை எங்களுடையது” (மந்தியுரை, மேற்கிளை, இரண்டாம் கொப்பு, பழுத்த இலை).

பக்கநடை: இதுவே நுட்பமானது. இரண்டு ஆண்கள் மயிர் சிலிர்த்து, கால் விறைத்து, ஒன்றையொன்று நேரே பாராமல் அருகருகே நடக்கும். உடலின் பருமனையும் முக்கால் மீட்டரைத் தாண்டக்கூடிய கொம்பின் நீளத்தையும் பக்கவாட்டில் காட்டுவதே நோக்கம். சிறியது பெரும்பாலும் இங்கேயே விலகிவிடும். கருத்தரங்கத் தேநீர் இடைவேளையில் பேராசிரியர் இருவர் தத்தம் நூற்பட்டியலைத் தோளில் சுமந்து உலவுவதும் இவ்வினத்ததே. சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவிலும் அதை ஒட்டிய ஐஐடி வளாகத்திலும் புள்ளிமான்கள் வாழ்வதால், இந்நடையை யார் யாரிடம் பயின்றனர் என்று துணிவது அரிது. “நடையே முடிவு; பிறகு நடப்பது அடிக்குறிப்பு” (மந்தியுரை, திருத்திய பதிப்பு, மேற்கிளை ஒடிந்தபின் கீழ்க்கிளையிலிருந்து அருளியது, வால் தொங்கும் பக்கம்; வாயில் தழை இருந்தமையால் பாடபேதம் உண்டு).

முட்டல்: கொம்போடு கொம்பு கோத்துத் தள்ளுவது. இளம் ஆண்கள் இதை அடிக்கடி பழகும்; ஒத்த வலிமையுள்ள முதிர்ந்த ஆண்களிடையே கடும்போர் அரிது. வளரும் கொம்பில் குருதி ஓடுவதால் அது அடிபடக் கூடாது. அக்காலத்தில் சச்சரவு வந்தால் பின்னங்கால்களில் எழுந்து முன்னங்கால்களால் குத்தும்.

பயன்: வென்றது மந்தைதோறும் சென்று, பருவமுற்ற பெண்ணைக் கண்டால் அதன் பின்னாலேயே திரியும். தோற்றது மேயும்.

முடிபு: கொம்பு உதிர்ந்தால் ஆணின் மதிப்பும் உதிரும்; நேற்றுப் பகைத்தவை இன்று ஒன்றாக மேயும். கொம்பு ஆண்டுக்கொரு முறை விழும். முனைவர் பட்டம் விழுவதில்லை. ஆதலின் அங்கே பக்கநடை ஓய்வூதியம் வரை நீளும்.