கதவைச் சாத்திவிட்டு அப்டேட் போடுங்கள்

அப்டேட் நடுவில் லேப்டாப் உறைந்துபோனால் பெங்களூர் காக்ஸ் டவுனில் முதலில் செய்ய வேண்டியது, வாசற்கதவைச் சாத்துவது. மற்றதெல்லாம் அப்புறம். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் ஐ.டி.யில் இருக்கிறார்; இல்லாத வீட்டில் மாப்பிள்ளை இருக்கிறார். "35 சதவீதத்துல நிக்குது" என்று பால்கனியில் நின்று போனில் சொன்னால் போதும், வீலர் ரோடு வரைக்கும் சேதி போய்விடும்.

என் லேப்டாப் எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன் எதிர்வீட்டில்தான் இருக்கிறான். முதலில் வந்ததும் அவன்தான். திரையை எட்டிப் பார்த்து, "நான் டெஸ்டிங், ஆன்ட்டி. இது வேற டீம்" என்று சொல்லிவிட்டு, போட்டுவைத்த காபியைக் குடித்துவிட்டுப் போனான். மாடிவீட்டு அம்மா தன் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரைக் கழற்றித் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்.

இவர்களையெல்லாம் சமாளிக்கலாம். ஐ.டி.ஐ. அங்கிளைச் சமாளிப்பதுதான் கஷ்டம். 1948-ல் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் டெலிபோன் செய்து ரிட்டயர் ஆனவர். மிக்ஸி, டிவி, லிஃப்ட் எதுவானாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா." சொல்லி முடிப்பதற்குள் விரல் பவர் பட்டனுக்குப் பக்கத்தில் போயிருக்கும். அந்தக் கையைப் பிடித்து சோபாவில் உட்காரவைத்ததுதான் அன்றைக்கு நடந்த பெரிய ரிப்பேர்.

ஏனென்றால் அப்டேட் ஓடும்போது பழைய ஃபைலை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிற வேலை நடக்கிறது. பாதியில் நிறுத்தினால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. திரையில் தெரிகிற சதவீதம் கடிகாரம் இல்லை. முதல் 30 பத்து நிமிஷத்தில் ஓடும். அடுத்த ஐந்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அங்கே சுற்றுகிற புள்ளிகளையும் நம்பவேண்டாம், அவை அலங்காரம். டிஸ்க் விளக்கு இருந்தால் அது மினுக்குகிறதா பாருங்கள், ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். உயிர் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரமாவது விட்டுவிடுங்கள். பெங்களூர்த் தமிழனுக்குக் காத்திருக்கக் கற்றுத்தர வேண்டுமா என்ன? பக்கத்தில் அல்சூரில் வள்ளுவர் சிலை திறப்புக்காக 1991-லிருந்து 2009 வரை மூடியே கிடந்தது.

அதற்கப்புறமும் அசையவில்லை என்றால் பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பாதி நேரம் குற்றவாளி அங்கேதான் இருப்பான். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போடுங்கள். விண்டோஸ் கணினி ஆரம்பிக்கும்போதே இரண்டு மூன்று தடவை தடுக்கி விழுந்தால் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே கடைசி அப்டேட்டை நீக்குகிற வசதி இருக்கிறது. சில லேப்டாப்புகள் உள்ளே விடுவதற்குமுன் 48 இலக்க பிட்லாக்கர் சாவியைக் கேட்கும். ரேஷன் கார்டு நம்பரே ஞாபகமில்லாதவரிடம் 48 இலக்கம்! பதறவேண்டாம், பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். வேறு போனிலிருந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். என் லேப்டாப் அந்தச் சங்கடம் தராமல், ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு தானாகவே எழுந்துகொண்டது. உடனே எதிர்வீட்டுப் பையன் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்பினான்.

பெரியவர்களுக்கும் இந்தக் கதிதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி உட்கார்ந்துவிட்டன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குத் தன் அஸூர் சேவையில் முடங்கிய கணினிகளுக்கு மைக்ரோசாப்டே ஒரு வழி சொன்னது: திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யுங்கள், சிலருக்கு 15 தடவை வரை தேவைப்பட்டிருக்கிறது என்று.

இந்த விஷயத்தை ஐ.டி.ஐ. அங்கிள் காதுக்குப் போகாமல் இதுவரை காப்பாற்றி வைத்திருக்கிறேன். நீங்களும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.