கைபேசி மாற்ற விசாரம்

உலகம் நித்தியமா அநித்தியமா, ஆன்மா ஒன்றா பலவா என்ற பிரசினங்களில் நம் முன்னோர் பல நூற்றாண்டுகளைச் செலவிட்டு, சூத்திரமும், சூத்திரத்துக்குப் பாஷியமும், பாஷியத்துக்குக் கண்டனமும், கண்டனத்துக்கு மறுப்புமாக எழுதிக் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்களேயன்றி, நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் பழைய ஸ்மார்ட்போனை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்கும் கிருகஸ்தன், தான் கொடுத்த திரவியத்துக்கு ஈடான சுகத்தை அடைகிறானா இல்லையா என்ற விஷயத்தில் ஒரு வரியேனும் எழுதிவைத்தாரில்லை. இதற்காக அவர்களைக் குறை கூறுவது தர்மமாகாது. ஸ்டீவ் ஜாப்ஸ் என்பவர் சான் பிரான்சிஸ்கோ நகரில் மூன்றரை அங்குலத் திரையுடைய ஐபோனைச் சபையோருக்கு உயர்த்திக் காட்டியது 2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதிதான். ஆனால் அவ்வாண்டில் பிறந்த சிசுக்கள் கல்லூரி வாசலை மிதித்துவிட்ட இக்காலத்திலும் வித்துவான்கள் மௌனம் சாதிப்பது பொறுக்கத்தக்கதன்று. ஆகவே, தருக்க சாஸ்திரத்தில் கௌதமர் அங்கீகரித்த பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்னும் நான்கு பிரமாணங்களையும் துணைக்கொண்டு இவ்விஷயத்தை ஆராயப் புகுகிறோம்.

மூப்பின் லட்சணம்

பழைய போன் என்பது யாது என்று முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். போனுக்கு வரும் மூப்பு மூவகைப்படும். பேட்டரி தளர்வதும், சார்ஜர் ஒயரைக் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தாலன்றி மின்சாரத்தை ஏற்க மறுப்பதும் தேக மூப்பு. தேகம் திடமாக இருந்தும், புதிய மென்பொருளைக் கற்கும் சக்தி அற்றுப் போவது வித்தை மூப்பு. தேகமும் வித்தையும் குறைவின்றி இருக்க, உடையவனுக்கு அதைப் பிறர் முன்னிலையில் சட்டைப்பையிலிருந்து எடுக்கக் கூச்சம் உண்டாவது மான மூப்பு.

முதலாவது வந்து சேர மூன்று நான்கு வருஷங்கள் ஆகும். இரண்டாவதற்கு அதனினும் அதிகம். மூன்றாவதற்கோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியே போதுமானது. பக்கத்து இலைக்காரர் தம் புதிய போனை, மூன்று காமிராக்களும் மேல்நோக்கி விழிக்கும்படி, மேஜைமேல் கவிழ்த்து வைக்கும் அந்தக் கணத்திலேயே, அதுவரை இளமையோடிருந்த நம் போன் வார்த்திகத்தை அடைந்துவிடுகிறது. அவர் அதனை அமெரிக்காவிலுள்ள மருமகன் கொண்டுவந்தது என்று சொல்லிவிட்டாலோ, அந்த வார்த்திகம் இன்னும் பத்து வருஷம் கூடுகிறது. அது நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலேயே கோக்கப்பட்டு, கப்பலோ விமானமோ ஏறிக் கடல் கடந்து, மருமகனின் பெட்டியில் ஊர் திரும்பியதாக இருக்கக்கூடும் என்ற நினைவு அச்சமயத்தில் எவருக்கும் ஆறுதல் அளித்ததாகத் தெரியவில்லை.

பிரத்தியட்சம்

கண்ணால் கண்டதே மெய் என்பவர்கள், புதிய போனின் மேன்மையையும் கண்ணாலேயே காண விரும்புவது நியாயந்தான். ஆயினும் இங்கே ஒரு சங்கடம் குறுக்கிடுகிறது. 2010ஆம் ஆண்டில் ஐபோன் 4 வெளிவந்தபோது, அங்குலத்துக்கு 326 புள்ளிகள் கொண்ட அதன் திரையைப் புகழ வந்த ஜாப்ஸ், பத்துப் பன்னிரண்டு அங்குலத் தூரத்தில் பிடித்துப் பார்த்தால், சுமார் 300 புள்ளிகளுக்கு மேல் பிரித்தறியும் சக்தி மனித விழித்திரைக்கு இல்லை என்று சபையறியச் சொன்னார். அப்படிச் சொன்ன கம்பெனியே 2017இல் அங்குலத்துக்கு 458 புள்ளிகள் வைத்து ஐபோன் டென்னை விற்றது. கண்ணுக்கு எட்டாது என்று விற்பவரே ஒப்புக்கொண்ட சரக்கைக் கூடுதல் விலைக்கு வாங்கியவர்கள், 'ஆகா, எவ்வளவு தெளிவு!' என்று கண்ணால் கண்டதாகவே சாட்சி சொன்ன வைபவம், மாயாவாதிகளையே திகைக்க வைக்கத்தக்கது.

இதன் மர்மத்தை ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துப் பண்டிதராகிய வேபர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டார். ஃபெக்னர் 1860இல் வெளியிட்ட நூலில் அதைக் கணிதமாக விரித்தார். ஒரு மாறுதல் நமக்குப் புலப்படுவது அதன் அளவினால் அன்று, ஏற்கெனவே இருந்ததோடு அது கொள்ளும் விகிதத்தினாலேயே என்பது அவர்கள் கொள்கை. லேசான எடையை ஏந்திய கைக்குத் தெரியும் சிறு கூடுதல், கனத்த எடையை ஏந்திய கைக்குத் தெரிவதில்லை. 2015இல் வந்த ஐபோன் 6எஸ்ஸின் பின்புறக் காமிராவும், 2021இல் வந்த ஐபோன் 13இன் பிரதான காமிராவும் 12 மெகாபிக்சல்களே கொண்டவை. இடைப்பட்ட ஆறு வருஷங்களில் ஒளியை வாங்கும் பரப்பு விரிந்ததும், மங்கிய வெளிச்சத்தில் எடுத்த பல படங்களைக் கலந்து ஒன்றாக்கும் சாமர்த்தியம் வளர்ந்ததும் உண்மையே எனினும், பட்டப்பகலில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுருங்கி அத்தையின் போனில் போய் விழும்போது, அது எந்தப் போனில் எடுத்தது என்று அத்தையால் மட்டுமன்று, எடுத்தவராலும் சொல்ல முடியாது.

விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்ட திரை 120 முறை புதுப்பிக்கப்படுவது மட்டும் விதிவிலக்கு. இரட்டிப்பு விகிதமாகையால், விரலால் தள்ளும்போது எழுத்துகள் வழுக்கிக்கொண்டு ஓடுவது தெரியத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே இதனால் மிச்சமாவது ஒரு விநாடியில் நூற்றிருபதில் ஒரு பங்கு. அந்த மிச்சத்தைச் சேர்த்து வைத்து எவரேனும் ஒரு நற்காரியம் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அனுமானம்

மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்று ஊகிப்பது அனுமானம். போன் விஷயத்தில் உலகோர் செய்யும் அனுமானம் வருமாறு: 'இந்தப் போன் மந்தமாகிவிட்டது, மந்தமானவை எல்லாம் ஆயுள் தீர்ந்தவை, ஆகையால் இது ஆயுள் தீர்ந்தது.' பார்வைக்குக் குற்றமற்றதாகத் தோன்றும் இந்த வாதத்தின் ஹேது பழுதுபட்டது.

போன்களில் உள்ள லித்தியம் அயனி பேட்டரியை 1991இல் ஸோனி கம்பெனியார் வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற நாளில் குட்இனஃப்புக்கு வயது 97. கண்டுபிடித்தவரின் தீர்க்காயுள் கண்டுபிடிப்புக்கு வாய்க்கவில்லை. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் லித்தியத்தில் ஒரு துளி, உள்ளேயுள்ள தகட்டின்மேல் படலமாகப் படிந்து, மீளாமல் சிறைப்படுகிறது, உட்தடை ஏறுகிறது. அந்நிலையில் பிராசஸர் திடீரென்று மிகுந்த மின்னோட்டம் கேட்டால், மின்னழுத்தம் சரிந்து, இருபது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் கண்ணை மூடிவிடும். 2017ஆம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனியார், இந்தத் திடீர் மரணத்தைத் தடுக்கும் பொருட்டு, பேட்டரி தளர்ந்த ஐபோன்களின் வேகத்தை மென்பொருளின் மூலம் அடக்கி வைத்தார்கள். பேட்டரியை மட்டும் மாற்றினால் பழைய வேகம் திரும்புகிறது என்று உபயோகிப்போர் சிலர் கண்டு சொன்ன பிறகு, டிசம்பர் மாதத்தில் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கோரி, 79 டாலராக இருந்த மாற்றுக் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தார்கள்.

ஆகவே 'புதிய போன் பறக்கிறது' என்று மகிழ்பவர்களில் பலர் அனுபவிப்பது புதிய பேட்டரியின் சுகத்தை. அச்சுகம் சென்னை ரிச்சி தெருவில், ஒரு காபி குடித்துவிட்டு வரும் நேரத்தில், புதிய போனின் விலையில் மிகச் சிறிய பங்குக்குக் கிடைப்பது. 'பேட்டரி மாத்திட்டாப் போதும் சார், இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்' என்று அங்கே ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் தம்பி சொல்வது, பெரிய நையாயிகர்களுக்கும் எட்டாத ஹேது விசாரணை.

வித்தை மூப்பு விஷயத்தில் அனுமானம் பழுதுபடாது. 2023 அக்டோபரில் வாட்ஸ்அப், ஆண்டிராய்டு 5க்கு முற்பட்ட போன்களைக் கைவிட்டது. பாதுகாப்புக்கான புதுப்பித்தல் நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பதும் விவேகமன்று. அத்தகையவன் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அவன் நிர்ப்பந்தத்தால் வாங்குகிறவன், சுகம் கருதி வாங்குகிறவன் அல்லன். ஆதலின் நம் விசாரணைக்கு அவன் அதிகாரி ஆகான்.

உபமானம்

கவயம் என்னும் காட்டு மிருகம் பசுவைப் போன்றது என்று கேள்விப்பட்டவன், காட்டில் அதைக் கண்டதும் 'இதுவே கவயம்' என்று அறிவது உபமானத்துக்குச் சாஸ்திரகாரர் தரும் திருஷ்டாந்தம். புதிய போனை வாங்கியவன் அடைவதும் ஏறக்குறைய இந்த ஞானமே. பழையதிலிருந்த முகவரிகளும், படங்களும், அலாரங்களும், ஐந்நூறு காலை வணக்கங்களும் ஒன்று குறையாமல் புதியதில் வந்து குடியேறிவிடுகின்றன. அன்று மாலைக்குள், முன்பிருந்த அதே குடும்பக் குழுவில் அதே சித்தப்பா அதே வைத்தியக் குறிப்பை அனுப்புகிறார். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கும் அதே குரல் அழைக்கிறது. 'இது பழையதைப் போன்றதே' என்ற தெளிவு, முதல் தவணை கட்டுவதற்குள் பிறந்துவிடுகிறது.

வேற்றுமை தென்படுவது பரிவாரத்தில். பிரெஞ்சு தேசத்து அறிஞர் தீதரோ, புதிய மேலங்கி ஒன்று கிடைத்ததும், அதன் பக்கத்தில் பழைய நாற்காலியும் மேஜையும் அவலட்சணமாகத் தோன்ற, ஒவ்வொன்றாக மாற்றிப் பணமிழந்த கதையைப் பழைய மேலங்கிக்காக வருந்தும் கட்டுரை ஒன்றில் எழுதினார். புதிய போனுக்கும் பழைய உறை பொருந்தாது. டெம்பர்ட் கிளாஸ் பொருந்தாது. 2020 முதல் சில பெட்டிகளில் சார்ஜரே இருப்பதில்லை. இயர்போன் சொருகும் துவாரம் எங்கே என்று தேடுபவர், அது பல போன்களில் மறைந்துபோய் வெகுகாலம் ஆயிற்று என்று அறிகிறார்.

சப்தம்

நம்பத்தக்கவராகிய ஆப்தரின் வாக்கே சப்தம். ஆப்தர் என்போர் விஷயத்தை உள்ளபடி அறிந்தவர்களாயும், சொல்வதில் தமக்கென்று ஆதாயம் தேடாதவர்களாயும் இருக்க வேண்டும். கடைக்காரர் அறிந்தவர், ஆதாயம் உடையவர். அலுவலக நண்பர் ஆதாயம் இல்லாதவர், அறியாதவர். இரண்டு லட்சணமும் பொருந்தியவனாக வீட்டில் ஒருவன் தோன்றுகிறான். அவன் தங்கை மகன். மாடல்களின் பெயர், பிராசஸரின் பெயர், எந்த நாளில் எந்தக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு என்ன விலை என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கடையில் கமிஷனும் வாங்குவதில்லை. ஆனால் அவன் வாக்கியத்தை முழுவதும் கேட்க வேண்டும்: 'மாமா, இது ரொம்பப் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க, எக்ஸ்சேஞ்சுல மட்டும் போட்டுடாதீங்க, ஒண்ணும் குடுக்கமாட்டான்.' இவ்வாக்கியத்தின் பிற்பகுதியில் நான்காம் பிரமாணம் உடைந்துபோகிறது; ஆனால் உடைந்த இடத்தில்தான் நமக்கு வழியும் புலப்படுகிறது. மாமனின் பழைய போன் எங்கே போகிறது என்று இதுவரை எந்த ஆராய்ச்சியாளரும் கேட்டாரில்லை.

சித்தாந்தம்

போன் என்பது நம் குடும்பங்களில் வம்ச பரம்பரையாக இறங்கும் சொத்து. மாமாவினுடையது மருமகனுக்கு, மருமகனுடையது அவன் அம்மாவுக்கு, அம்மாவினுடையது பாட்டிக்கு என்று படிப்படியாக இறங்கி, பாட்டியின் பட்டன் போனை இடம்பெயர்த்து, அதைப் பால்காரருக்கோ தோட்டக்காரருக்கோ அளித்தபின் இந்த யாத்திரை ஓய்கிறது. இப்போது வேபரின் விகிதத்தைப் படிதோறும் வைத்துப் பாருங்கள். உச்சியிலுள்ள மாமாவுக்கு, நல்லதிலிருந்து மேலும் நல்லதுக்கு நேர்ந்த பெயர்ச்சி. அவர் உணர்வது அற்பம். மருமகனுக்கு அதைவிடச் சற்று அதிகம். பட்டனிலிருந்து திரைக்கு வந்த பாட்டிக்கோ, சிங்கப்பூரிலிருக்கும் கொள்ளுப்பேரனின் பொக்கை வாய் முதன்முதலாகக் கையளவில் வந்து சிரிக்கிறது. இல்லாமையிலிருந்து உண்மைக்கு நேர்ந்த இந்தப் பெயர்ச்சியின் விகிதத்தைக் கணக்கிட, பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருப்பதால், ஃபெக்னரும் கைவிரித்துவிடுவார். எனவே, புதிய போன் வாங்குவதால் சுகம் உண்டா என்றால் உண்டு. அது வாங்கியவனிடத்தில் இல்லை, அவனிலிருந்து மூன்று படி கீழே இருக்கிறது என்பதே நம் சித்தாந்தம்.

இங்கே பூர்வபட்சி ஒருவன் எழுந்து, 'அப்படியாயின், புதிய போனை நேரே பாட்டிக்கே வாங்கிக் கொடுத்துவிடலாமே, நடுவில் இத்தனை படிகள் எதற்கு?' என்று ஆட்சேபிக்கலாம். வாங்கிக் கொடுத்தால் பாட்டி சொல்வது இது: 'எனக்கு எதுக்குடா புதுசு? உன் பழசைக் குடு, போதும்.' இதையும் மீறிக் கொடுத்தால், பெட்டி பிரிக்கப்படாமல், பேத்தி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையின் மடிப்பில் பீரோவுக்குள் போய்விடும். லித்தியம் பேட்டரி உபயோகிக்கப்படாமல் கிடந்தாலும் மூத்துக்கொண்டே போகும் சுபாவமுடையதாகையால், கல்யாணத்தன்று வெளியே வரும்போது அது தேக மூப்பு, வித்தை மூப்பு இரண்டையும் அடைந்திருக்கும். பாட்டி தயங்காமல் உபயோகிக்கக்கூடியது பிறர் உபயோகித்த போன் ஒன்றே. ஆகவே பாட்டியின் பொருட்டு மாமா அதை முதலில் சில வருஷம் பழையதாக்கித் தர வேண்டியிருக்கிறது.

இதனால் பெறப்படும் விதிகள் மூன்று. போன் மந்தமானால் முதலில் பேட்டரியை மாற்றுக. அதன் பின்னும் ஆசை அடங்காவிடில், வீட்டில் கீழ்ப்படியில் நிற்பவர் யார், அவர் கையில் இருப்பது யாது என்று பார்த்து, உம்முடையது போய்ச் சேர்ந்தால் அவருக்குக் கண் திறக்கும் என்றால் தயங்காமல் வாங்குக. கீழே எவரும் இல்லாதவர், தம் மேஜை இழுப்பறையைத் திறந்து, அங்கே உறங்கும் பழைய போன்களை எண்ணிப் பார்த்து, அவற்றுள் ஒவ்வொன்றும் வாங்கிய நாளில் இதே சுகத்தை வாக்களித்ததை நினைவுகூர்ந்து, பிறகு தம் இஷ்டப்படி செய்துகொள்க. அவர்கள் எப்படியும் வாங்கத்தான் போகிறார்கள் என்பதற்கு மட்டும் நான்கு பிரமாணங்களும் ஏகோபித்துச் சாட்சி சொல்கின்றன.