உப்புத்தாளுக்கு முதல் மரியாதை

● வார்னிஷ் அடித்த மரத்தரை மீது நேரடியாகப் பெயின்ட் அடிக்கலாமா சார்?
– ஊட்டி வாசகர்

அடிக்கலாம். நாற்காலியை முதல் தடவை இழுக்கும்வரை நிற்கும். பிறகு பாம்புச் சட்டை மாதிரி உரியும். வழவழப்பில் பெயின்டுக்குப் பிடிமானம் ஏது? 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் மினுக்கம் சாகும்வரை தேயுங்கள். மரம் தெரிய வேண்டாம், மங்கினால் போதும். பெயின்ட் டப்பாவுக்குச் செலவழித்த பணத்தைக் காப்பாற்றுவது அந்தச் சில ரூபாய் தாள்தான்.

● பழைய வீடு வாங்கினோம். தரையில் என்ன பூசியிருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– கோத்தகிரி வாசகி

பீரோவுக்குப் பின்னால் ஒரு மூலையைப் பிடியுங்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். அதற்கு மசியாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்குமே அசையாவிட்டால் பெரும்பாலும் பாலியூரித்தேன்.

நகத்தால் ஒரு கோடு கிழித்தும் பாருங்கள். நகக்கண்ணில் மங்கலாக, வழுக்கலாக ஏதாவது திரண்டு வந்தால் அது மெழுகு. மெழுகின் மேல் எந்தப் பெயின்டும் குடித்தனம் நடத்தாது. முதலில் டர்பன்டைன் போட்டுத் துடைத்தெடுங்கள், அப்புறம் உப்புத்தாள். வரிசை மாறினால் மெழுகை மரத்துக்கு நீங்களே ஊட்டிவிடுவீர்கள்.

● ஓக் தரைக்கு வெள்ளை அடித்தேன். ஒரே வாரத்தில் மஞ்சள் கறை. இன்னும் இரண்டு கோட் அடிக்கட்டுமா?
– ஸ்கார்பரோ வாசகர்

பத்து அடித்தாலும் எட்டிப் பார்க்கும். அது ஓக் மரத்தின் டானின், துவர்ப்புச் சரக்கு. தண்ணீர் கலந்த பெயின்ட் அதைக் கரைத்து மேலே இழுத்துவிடுகிறது. அரக்கு சேர்ந்த பிரைமர் ஒரு கோட் அடித்து அதன் வாசலை அடைத்துவிடுங்கள். அரக்கு ஒரு சின்னப் பூச்சியின் சுரப்பு. ஜார்க்கண்ட் காடுகளில் பலாச மரத்தில் பூச்சி வளர்த்து எடுக்கிறார்கள். பாண்டவர்களைக் கொளுத்தக் கொண்டுவந்த பொருள், உங்கள் ஓக்கைக் காப்பாற்றப் போகிறது!

● மச்சில் தேக்குப் பலகைத் தரை. நீலம் அடிக்கலாம் என்கிறாள் மகள்.
– காரைக்குடி வாசகி

மகளுக்கு ஒரு சுவரைக் கொடுங்கள். தேக்கை விட்டுவிடுங்கள். அந்த ரேகைக்குள் பெயின்ட் இறங்கிவிட்டால் இழைத்துத்தான் எடுக்க வேண்டும், போகிற மரம் போனதுதான். பெயின்ட் யாருக்கு? கறை ஏறி, ஒட்டுப்போட்டு, இனி பாலிஷ் தாங்காது என்று கைவிட்ட தரைக்கு. நல்ல தேக்குக்குப் போர்வை போர்த்துவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறாது.

● எங்கள் பிளாட்டில் லாமினேட் தரை. அதையும் உப்புத்தாளில் தேய்க்கவா?
– சென்னை வாசகர்

நீங்கள் நடப்பது மரத்தின் புகைப்படத்தின் மேல். அழுத்தித் தேய்த்தால் படம் அழியும்.

● குன்னூரில் தாத்தா காலத்து வீடு. தரையில் ஏற்கெனவே பழைய பெயின்ட். தேய்த்துவிட்டுப் புதிது அடிக்கலாமா? தவழும் குழந்தை இருக்கிறது.

நிறுத்துங்கள். உப்புத்தாளைக் கீழே வையுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்கா 1978-லேயே தடுத்தது. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். தேய்த்த தூள் தரையில் படியும், குழந்தை கையை வாயில் வைக்கும், ஈயம் மூளையைத் தொடும். ஒரு சில்லைப் பெயர்த்துப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். அதுவரை குழந்தைக்கு வேறு அறை.

● பலகை இடுக்குகளில் பட்டி வைத்து அடைத்துவிட்டால் என்ன?
– ஏற்காடு வாசகர்

மழையில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். நடுவில் மாட்டிய பட்டி பொடிப்பொடியாக வெளியே வரும். மாமியார் மருமகள் பேச்சில் நீங்கள் புகுந்தால் என்ன ஆகும், அதேதான்.

● ஒரே கோட்டாகத் தடிமனாக அடித்தால் வேலை மிச்சம்தானே?
– ஈரோடு வாசகர்

மேலே காயும், அடியில் காயாது. மெல்லிசாக இரண்டு கோட். அடிப்பதற்கு முன் உள்ளங்கையால் தரையைத் தடவுங்கள். கையில் கோலமாவு மாதிரி ஒட்டினால் தூள் போகவில்லை, மறுபடி துடையுங்கள்.

● அடித்து இரண்டு நாள் ஆயிற்று. தொட்டால் ஒட்டவில்லை. கட்டிலைப் போடலாமா?
– கொடைக்கானல் வாசகி

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா? காய்வது வேறு, இறுகுவது வேறு. வெறுங்காலோடு மெதுவாக நடங்கள். கட்டில், பீரோவெல்லாம் இரண்டு மூன்று வாரம் வெளியே இருக்கட்டும்.

● ஆளி விதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடலாமா?
– வால்பாறை வாசகர்

வேண்டாம். காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள்.

● எந்த மூலையில் ஆரம்பிப்பது?
– மதுரை வாசகர்

கதவுக்கு எதிர்மூலையில். ஜன்னல் வழியாகக் குதிக்கிற வயதென்றால் உங்கள் இஷ்டம்.