பதினோராவது பொருத்தம்

தமிழ்நாட்டில் இன்று முப்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குக் கல்யாணத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவர்கள் மூன்று வாத்தியார்கள்: சினிமா, தொலைக்காட்சித் தொடர், கைப்பேசி. மூவரும் கலந்து பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

சினிமா பெரும்பாலும் தாலி கட்டியதும் மணியடித்து வகுப்பை முடித்துவிடும். அதற்குமேல் என்ன நடக்கும் என்பதை 1986-இல் 'மௌன ராக'மும் 2000-இல் 'அலைபாயுதே'யும் காட்டத்தான் செய்தன. ஆனாலும் 'அலைபாயுதே' என்றதும் ரசிகர் மனதில் ஓடுவது மின்சார ரயில்தான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஜோடி போட்ட சண்டையை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை.

தொடர்களுக்குத் தாலிதான் தொடக்கம். 2002-இல் சன் டிவியில் ஆரம்பித்த 'மெட்டி ஒலி', ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் கதை. வீட்டுப்பாடத்தை ஓரம் தள்ளிவிட்டுப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்த குழந்தைகளுக்குத்தான் இப்போது வரன் தேடுகிறார்கள். வருங்கால மாமியார் காபி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாலே அவர்கள் காதில் பின்னணி இசை கேட்கிறது.

மூன்றாவது வாத்தியார் கைப்பேசி. 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கல்யாணத்தை முப்பது விநாடிக்குள் அடக்கும் கலை அங்கே முழுமை பெற்றது. மாமல்லபுரம் கடற்கரையில் உச்சி வெயிலில் கோட்டு போட்டு நிற்கும் மாப்பிள்ளையிடம் புகைப்படக்காரர், "அண்ணா, அக்காவைப் பாத்து நேச்சுரலா சிரிங்க" என்கிறார். ஏழாவது முறை சிரிக்கும்போது நேச்சுரலாக வருகிறது. பார்க்கும் இளைஞர் கூட்டம் அந்த ஏழாவது சிரிப்பை மட்டும் பார்த்துவிட்டு, தனக்கு ஏன் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்று ஏங்குகிறது.

வரன் தேடும் தளங்களில் நட்சத்திரம், உயரம், சம்பளம் எல்லாவற்றுக்கும் வடிகட்டி உண்டு. பெண்ணின் விருப்பங்களை அப்பா நிரப்புவதால் எல்லாப் பெண்களுக்கும் பொழுதுபோக்கு இசை கேட்பதாகவே இருக்கிறது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தபின் பிள்ளைகள் தனியே பதினோராவது பொருத்தம் பார்க்கிறார்கள்: இன்ஸ்டாகிராம் கணக்கு. பூட்டி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார். திறந்து வைத்திருந்தால் எதற்கு இத்தனை படம்? கணக்கே இல்லையென்றால் ஜோசியரிடம் திரும்பப் போவதுதான் நல்லது.

2022-இல் வந்த 'லவ் டுடே' படத்தில் பெண்ணின் அப்பா காதலர்கள் இருவரையும் ஒரு நாள் கைப்பேசியை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அந்தக் கதைக்கு அரங்கில் விழுந்த சிரிப்பில் பாதி, பயம். பலர் தங்கள் பாஸ்வேர்டை நினைத்துத்தான் சிரித்தார்கள்.

சந்தேகத்துக்கும் இணையம் ஒரு சொல் கொடுத்திருக்கிறது: ரெட் ஃப்ளாக். பதில் தாமதமானால் ரெட் ஃப்ளாக். "ம்" என்று மட்டும் பதில் வந்தால் நிச்சயமாக ரெட் ஃப்ளாக். அப்படிச் சொல்லும் பிள்ளையின் வீட்டுத் திண்ணையிலேயே, கல்யாணமான நாள் முதல் பாட்டி எது கேட்டாலும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். பாட்டி அதில் ஏழெட்டு வகை கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

மூன்று வாத்தியார்களும் விட்டுவிட்ட பகுதி பெரியது. சிலிண்டர் யார் புக் செய்வது, மின்கட்டணம் யார் கணக்கிலிருந்து போவது என்பதற்கெல்லாம் ரீல்ஸ் அவ்வளவாக இல்லை. தலை தீபாவளிக்குப் பெண் வீடு என்று வழக்கம் இருக்கிறது, பட்டுப்புடவையோடு வீடியோவும் இருக்கிறது. இரண்டாவது தீபாவளிக்கு எந்த வீடு என்பதைத்தான் புது ஜோடி மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறது. ரயில் டிக்கெட் தீர்ந்தபின் இருந்த ஊரிலேயே இருந்துவிடுகிறது.